தோலுக்கு வெளிச்சம் அடிச்சு வயது சொல்லாதீர்கள்

முன்கையை ஒரு கருவியில் வைத்தால், "உங்கட உடம்பின்ர உண்மையான வயது இதுதான்" எண்டு சில விநாடிகளில் சொல்லிவிடுமாம். நாங்கள் இதை நம்பத் தயாரில்லை.

அடிப்படை அறிவியலில் பிழையில்லை. இரத்தத்தில் கூடும் சீனி புரதங்களில் ஒட்டுகிறது. பாண் வேகேக்க மேலோடு பழுப்பாகுதே, 1912இல் மயார் விபரித்த அந்த வினைதான் உடம்புக்குள்ளும் மெதுவாக நடக்குது. தோலின் கொலாஜன் புதுப்பிக்கப்படப் பல வருடங்கள் எடுக்கும். அதனால் சேதம் அங்கேயே தேங்கும். புற ஊதா ஒளி பட்டால் அந்தச் சேர்மங்களில் சில ஒளிரும். கருவி அளப்பது அந்த ஒளிர்வை மட்டும்தான்.

அது வயது அல்ல. சீனி வருத்தம், சிறுநீரக நோய், புகைத்தல் எல்லாமே அந்த இலக்கத்தை ஏத்தும். நோய் ஆபத்தைக் காட்டும் குறிக்கு "வயது" எண்டு பெயர் வைத்தால், முதலில் பயம் விலைப்படும். பிறகு கிறீமும் குளிசையும் விலைப்படும்.

இன்னொன்று, அது யாருடைய தோல்? கறுத்த தோல் அந்த ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிவிடும். மிகக் கறுத்த தோலில் அளவீடு நம்பகமாக இராது. எங்களில் எத்தனை பேருக்கு அந்தத் தோல்?

கடைசி 3 மாதச் சீனியைச் சொல்லும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை ஏற்கெனவே இருக்கு. அதுவும் சீனி புரதத்தில் ஒட்டுவதைத்தான் அளக்குது. அம்மம்மாவின்ர கால்விரல் புண்ணாக முன்னம் எச்சரிக்கக்கூடியது அது. அதை ஒவ்வொரு கிராமத்துக் கிளினிக்கிலும் காசில்லாமல் தரச்சொல்லிக் கேட்போம். எங்கட வயது எங்களுக்குத் தெரியும்.