முதலில் நிழல், பிறகுதான் ஐஸ்

மண்ணில்லாமல் மாடியில் கீரை வளர்க்கும் நண்பர்களுக்கு என் கருத்து: தண்ணீரைக் குளிர்விக்க சில்லர் இயந்திரம் வாங்காதீர்கள். முதலில் நிழல் போடுங்கள்.

சென்ற கத்திரி வெயிலில் என் தொட்டித் தண்ணீர் கைக்கே சுட்டது. கீரையின் வெள்ளை வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்துவிட்டன. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மூச்சு முட்டும் வேரை அழுகல் நோய் எளிதாகப் பிடிக்கும்.

ஐஸ் பாட்டில் போட்டேன். பள்ளியில் பிரெஞ்சில் படித்த கலோரிக் கணக்கு ஞாபகம் வந்தது. ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வேண்டும். 40 லிட்டர் தொட்டியில் அதனால் குறைவது 2 டிகிரிதான். கறுப்புத் தொட்டியில் மதிய வெயில் அதைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும். ஈரச்சாக்கும் சுற்றினேன். புதுச்சேரிக் கடற்காற்றே ஈரமாயிற்றே, பலன் கொஞ்சந்தான்.

கடைசியில் தொட்டியை வடக்குச் சுவரோரம் நகர்த்தி, தெர்மாகோல் சுற்றி, வெள்ளைத் துணி போர்த்தினேன்; குழாய்களுக்கு மேல் நிழல்வலை கட்டினேன். இப்போது வேர்கள் வெளுப்பாகவே இருக்கின்றன. ஐஸ் பாட்டில், வெயில் மிகக் கொளுத்தும் நாளுக்கு மட்டும்.

ஏறிய சூட்டை இறக்கத்தான் காசு வேண்டும். ஏறாமல் பார்த்துக்கொள்ள, ஓய்வூதியக்காரர் கையிருப்பே போதும்.