கட்டத்தை எண்ணிப் பாருங்கள்!

கடைத்தெருவில் ஒரு சிறு சுவர்த் தொங்கல். ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம். நீல நிறத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புறா. குரோஷா ஊசியால் போட்டது. விலை 150 ரூபாய் என்கிறார் கடைக்காரர். “மலிவாக இருக்கிறதே!” என்று வாங்கி வந்து கூடத்தில் மாட்டுகிறோம்.

மலிவுதான். ஆனால் அந்த மலிவுக்கு ஈடு கொடுத்தவர் யார்?

காகிதத்தில் ஒரு கணக்கு

இந்த வேலைக்கு ஆதாரம் ஒரு கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். கட்டம் நீலமானால் நீல நூல். வெள்ளையானால் வெள்ளை நூல். முதல் வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். திருப்பிப் போடும் அடுத்த வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். நிறம் மாறும் இடத்தில், முந்தைய தையலின் கடைசி இழுப்பிலேயே புது நூலைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். இல்லையேல் புறாவின் மூக்கு கோணிப் போகும்.

தையல் சரியான சதுரமாக விழாது. பெரும்பாலும் உயரத்தைவிட அகலம் சற்று மிகும். அதனால் படம் சப்பையாகாமலிருக்க 40 கட்ட அகலத்துக்கு 50 வரிசை தேவைப்படலாம். ஆக 2,000 தையல்! நிமிஷத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டாலும் 200 நிமிஷம். மணிக்கு 60 ரூபாய் கூலி கொடுத்தால் கூலி மட்டுமே 200 ரூபாய். நூலின் விலை, தரகர் பங்கு, கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்குமேல். அப்படியிருக்க, 150 ரூபாய்க்கு எப்படி விற்க முடிகிறது? விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யந்திரம் செய்திருக்குமோ?

“யந்திரத்தில் செய்திருப்பார்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேதான் வேடிக்கை. ஸ்வெட்டர் பின்னும் யந்திரத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி வரிசையாக நிற்கும். குரோஷாவிலோ ஒரே ஊசி. அது முன்பு போட்ட தையலின் துவாரத்தைத் தேடி நுழைய வேண்டும். துணி நெகிழும், துவாரம் இடம் மாறும். கைவிரல் அதை உணர்ந்துகொள்ளும், யந்திரம் தடுமாறும். ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் சோதனை யந்திரம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் ஆலைகளில் கைக்கு ஈடாக ஒன்று இன்னும் வரவில்லை. குரோஷாவைப் போலத் தோன்றும் வேறு பின்னலைத்தான் யந்திரங்கள் செய்கின்றன. ஆகவே கடையில் தொங்குவது உண்மையான குரோஷா என்றால், அதன் பின்னே ஒரு மனிதக் கை உண்டு.

நரசாபுரம் சொல்லும் பாடம்

ஆந்திராவில், மேற்கு கோதாவரி ஜில்லாவில் உள்ளது நரசாபுரம். 1844இல் அங்கு வந்த மிஷனரிமார் இந்த வேலையைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான் அயர்லாந்திலும் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வாடிய குடும்பங்கள் இதே ஊசியைப் பிடித்துக் கஞ்சி குடித்தன. பசித்த வீட்டில் பிறந்த தொழில் இது என்றாலும் தவறில்லை.

நரசாபுரத்துச் சரக்கு கடல் கடந்து போயிற்று. போட்டவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஜெர்மானியப் பேராசிரியை மரியா மீஸ் அங்கு சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலையும் பார்த்து, நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊசி பிடித்த பெண்களுக்குக் கிடைத்த வருமானம் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை! காரணம்? அது “ஓய்வு நேர வேலை” என்று பெயர் பெற்றதுதான். உழைப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைப்பது சுலபம் அல்லவா?

பெயருக்குக் காவல் வந்தது

2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். சீனாவின் யந்திர லேஸோடு போட்டியிட்டுத் தவித்த ஊருக்கு இது ஒரு கவசம். வேறு ஊர்ச் சரக்கை நரசாபுரம் என்று சொல்லி இனி விற்க முடியாது. ஆனால் இந்தக் கவசம் பெயரைக் காக்குமே ஒழிய, கூலியை உயர்த்திவிடாது. உயர்ந்த விலை தரகரோடு நின்றுவிட்டால் ஊசி பிடித்தவருக்கு என்ன லாபம்?

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீட்டிலிருந்து பிறருக்காக உற்பத்தி செய்பவரையும் தொழிலாளர் வகையில் சேர்த்திருக்கிறது. நூலை முதலாளி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஏட்டில் பெயர் ஏறிவிட்டது. இனி வீட்டு வாசலைத் தேடிப் பயன் வந்து சேர வேண்டும். தையல் இத்தனை, நேரம் இத்தனை, கூலி இத்தனை என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்றாவது அந்தப் பெண் கையில் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

வாங்குகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அடுத்த முறை இப்படியொரு தொங்கலைப் பார்த்தால் பேரம் பேசுவதற்கு முன் ஒரு வரிசையின் கட்டங்களை எண்ணுங்கள். வரிசைகளையும் எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், ஓர் ஊசியும் இரண்டு நிற நூலும் வாங்கி நீங்களே நாலு வரிசை போட்டுப் பாருங்கள். கழுத்து வலிக்கும், கண் எரியும்.

பிறகு பேரம் பேச நாக்கு எழாது!