கம்பியும் கப்பலும்

2025 ஏப்ரல் 6ஆம் தேதி காலை, இந்தியப் பிரதமர் அனுராதபுரம் ரயில் நிலையத்தில் கொடியசைத்தார். இந்திய உதவியில் செப்பனிட்ட மாகோ–ஓமந்தை ரயில் பாதை திறப்பு. அன்று பகலிலேயே பாம்பனில் இன்னொரு கொடி. புதிய தூக்குப் பாலம் திறப்பு. மாகோ–ஓமந்தைப் பாதையில் மதவாச்சியிலிருந்துதான் தலைமன்னாருக்குக் கிளைப் பாதை பிரிகிறது. பாம்பனைத் தாண்டினால் ராமேஸ்வரம். இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி கடலோரத்தில் முடிந்துபோகின்றன. நடுவில் உள்ள கடலைப் பிரதமர் ஹெலிகாப்டரில் கடந்தார்.

அதற்கு முந்தின நாள் கொழும்பில் கையெழுத்தான உடன்பாடுகளில் ஒன்று, இரு நாடுகளின் மின்கட்டமைப்புகளை இணைப்பது பற்றியது. மதுரைப் பக்கமிருந்து கம்பி புறப்பட்டு, கடலுக்கடியில் கேபிளாகப் போய், மன்னார் வழியே அக்கரை ஏறும் என்பது பல வருடமாகச் சொல்லப்படும் திட்டம். 2010இலேயே சாத்திய ஆய்வுக்கு உடன்பாடு போட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து, நிறைவேற்றுவதற்கு ஓர் உடன்பாடு. ரயிலும் மின்சாரமும் ஒரே பயணத்தில் பேசப்பட்டதால் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒரு குரங்கின் கதை. 2025 பிப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து எதையோ தொட, இலங்கை முழுக்க இருண்டது. சிரித்தோம். ஆனால் குரங்கு ஒரு சாக்குதான். ஞாயிறு பகலில் ஆலைகளும் அலுவலகங்களும் ஓடாது, தேவை குறைவு. கூரைகளில் வெயில் கொட்டுகிறது, சோலார் தகடுகள் வேண்டியதில் பெரும்பங்கைத் தந்துவிடுகின்றன. அதனால் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இயந்திரங்கள் சிலவே. ஓர் அதிர்ச்சி வந்தால் மின்கட்டமைப்பைத் தள்ளாடாமல் பிடித்துக்கொள்வது அந்த இயந்திரங்களின் கனம்தான். அது குறைந்த நேரத்தில் எங்கோ ஒரு பழுது. தொடர்ந்து 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையமும் விழுந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பகல் மூன்று மணிவரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே வேண்டிக்கொண்டது. 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டில் வெந்த நாடு, 2025இல் மின்சாரம் அதிகம் என்று பயந்தது.

அப்படியானால் உபரியை இங்கே அனுப்பலாமே என்று மேடையில் சொல்வார்கள். அவ்வளவு லேசில்லை. அங்கே உச்சி வெயில் என்றால் இங்கேயும் உச்சி வெயில். கடிகாரம் கூட ஒன்றுதான். மன்னாரில் காற்றாலையைச் சுழற்றும் அதே தென்மேற்குக் காற்றுதான், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பது, நம் ஆரல்வாய்மொழியையும் சுழற்றுகிறது. விளக்குப் போடும் நேரத்து உச்சத் தேவையும் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் வருகிறது. தமிழ்நாடும் வட இலங்கையும் ஒரே பண்டத்தை விற்கும் அடுத்தடுத்த கடைகள்.

கேபிளால் வரும் நன்மை வேறு. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதம் 250 கிகாவாட்டைத் தொட்டது. இலங்கையினுடையது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. தோணி தள்ளாடும்போது பக்கத்தில் கப்பல் நின்றால் கயிறு வீசிப் பிடித்துக்கொள்ளலாம். பதிலுக்கு இலங்கையிடம் நாம் பேசவேண்டியது மகாவலி நீர்த்தேக்கங்களைப் பற்றி: பகலில் இங்கிருந்து மலிவான சோலார் மின்சாரம் போகட்டும், அங்கே தண்ணீரைத் திறக்காமல் தேக்கி வைத்து, இரவில் மின்சாரமாகத் திருப்பித் தரட்டும். மேடைகளில் காற்றாலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தத் தண்ணீர்க் கணக்கை யாரும் பேசக் காணோம்.

பெரியவனோடு கட்டிக்கொண்டால் அவன் விழும்போது நாமும் விழுவோம் என்ற அச்சம் இலங்கையில் உண்டு. நியாயமானது. அதற்குப் பதில் நம்மூர் அனுபவத்திலேயே இருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டு, 60 கோடிப் பேர் வாழும் பகுதி முடங்கியபோது தென்மாநிலங்கள் தப்பின. அப்போது தெற்கும் வடக்கும் நேர்மின்சார இணைப்பால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்தன. அத்தகைய இணைப்பில் எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். ஒருபக்கத்துத் தள்ளாட்டம் மறுபக்கம் தாவாது. கடலுக்கடியில் போடப்போவதும் அந்த வகைதான். ஆனால் அதே 2012இல் நம் ஊர்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. வடக்கே இருந்ததைக் கொண்டுவரப் போதிய தடம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். தெற்கு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். எனவே கம்பி வேண்டாம் என்பவர்கள் கட்சியில் நாம் இல்லை.

நம் சண்டை வேறு இடத்தில். இந்தத் துணைக்கண்டத்தில் மின்சாரத்துக்கும் சாதி பார்க்கிறார்கள். நேபாளத்தில் சீன நிறுவனம் கட்டிய அணையின் மின்சாரம் என்றால் இந்தியா வாங்காது. நேபாளம் வங்கதேசத்துக்கு வெறும் 40 மெகாவாட் விற்க, நடுவில் இந்தியாவின் சம்மதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தது; 2024 நவம்பரில் முதலில் போனது ஒரே ஒரு நாள். இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சோலாரும் காற்றாலையும் அமைக்க 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வேலை கிடைத்தது. டெல்லி முகம் சுளித்தது; வேலை நின்றது; இந்தியா மானியம் தந்து வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க 2024 ஆயிற்று. மூன்று தீவுக்கும் சேர்த்து அமைக்கத் திட்டமிட்டது சுமார் இரண்டு மெகாவாட். இந்தியாவும் சீனாவும் அதற்காக மல்லுக்கட்டிய அந்த வருடங்களில் தீவுக்காரர்கள் டீசல் புகையில் இருந்தார்கள்.

அடுத்தது விலை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை கட்ட அதானி நிறுவனம் வந்தது, யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட், இருபது வருடம். அந்த விலை எந்தப் போட்டியில் முடிவானது என்ற கேள்வி கடைசிவரை ஓயவில்லை. ஆட்சி மாறியது, விலையைக் குறைக்கச் சொன்னார்கள், 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னார் மக்களின் எதிர்ப்புக்கு வேறு காரணங்கள்: வெள்ளம் வடிய வழியில்லாமல் போவது, மீன்பாடு, வலசைப் பறவைகள். அவர்களைக் கேட்டு யாரும் தொடங்கவில்லை. வங்கதேசத்துக்கென்றே ஜார்க்கண்டில் கட்டிய கோட்டா அனல்மின் நிலையத்தின் விலையும் இதேபோலத்தான் ஆட்சி மாறியதும் மறுபடி சந்திக்கு வந்தது. 2025 ஏப்ரல் உடன்பாடுகளின் முழு வாசகத்தை வெளியிடுங்கள் என்று இலங்கையில் எழுந்த குரலை இந்திய எதிர்ப்பு என்று ஒதுக்குகிறவர்கள், கம்பிக்குத்தான் கேடு செய்கிறார்கள். மூடிய உறைக்குள் பேசி முடித்த விலை, அடுத்த தேர்தலில் அறுந்துபோகும்.

கடலடிக்கு வருவோம். கேபிள் படுக்கப்போகும் கடலில்தான் நம் விசைப்படகுகள் இழுவைமடியால் தரையை வாரிக்கொண்டிருக்கின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பக்கம் அதைப் பேசினாலே வாக்கு போய்விடும் என்று எல்லாக் கட்சியும் வாயை மூடிக்கொள்கிறது. கேபிள் போட்டபின் அதன்மேல் மடி இழுக்கலாகாது என்று ஒரு நாள் ஆணை வரும். அன்று ராமேஸ்வரம் மீனவருக்குப் பத்திரிகை பார்த்துத்தான் செய்தி தெரியும். மன்னார் மீனவருக்கும் அப்படியே.

பழையதைப் பேசி ஏங்குகிறவர்கள் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின், எழும்பூரில் எடுத்த டிக்கெட்டோடு தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, கொழும்புக் கோட்டையில் இறங்கினார்கள். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 80களில் போரோடு நின்றது. சரி. ஆனால் அதே தடத்தில்தான் தோட்டத்துக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் அடைத்து, சோதித்து, மருந்தடித்து ஏற்றினார்கள். பின்னாளில் அதே முகாம் அகதிகளுக்கானது. அந்தத் தடத்தைப் பேசி முடித்தபோதும் இக்கரை அக்கரை மக்களை யாரும் கேட்கவில்லை.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது, மழைக்காலத்தில் நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி. நான்கு மணி நேரப் பயணம். கேபிளுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும், வாடைக் கடலையும் தாங்கும் பெரிய கப்பலாக விட.

இதைச் சொல்வதில் நமக்குச் சுயநலமும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சந்தாதாரர்களுக்கு இதழைத் தபாலில் அனுப்பினால் இதழின் விலையைவிடத் தபால்தலை விலை அதிகம். ஆகவே போன முறை நண்பர் ஒருவர் இருபது பிரதிகளைப் பையில் திணித்துக்கொண்டு கப்பலேறினார். வேட்டிக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவில் கட்டைப் பார்த்த அதிகாரி, “இதென்ன அண்ணை, விக்கவோ?” என்றாராம். “வித்தால் அதிசயம் தம்பி” என்றிருக்கிறார் நண்பர். அந்தத் தம்பி ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார், நின்றபடியே ஒரு கவிதையைப் படித்தார், பிறகு கட்டைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்.

இந்த இதழின் கட்டும் தயார். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது. வாடை எழுவதற்குள் ஒரு கப்பலாவது கிடைத்தால் போய்விடும். இல்லாவிட்டால் சாவகச்சேரி சந்தாதாரர் மாசி வரை பொறுத்தருள வேண்டும்.