பறக்காத நாளுக்கு யார் கூலி கொடுப்பது?

இமாசலப் பிரதேசத்தின் காங்கடா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் பீர். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்ததும், முதுகில் பெரிய பையைச் சுமந்த பயணிகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வந்து சேர்கிறார்கள். அந்தப் பைக்குள் இருப்பது மடித்துவைக்கப்பட்ட ஓர் இறக்கை. பீரிலிருந்து 14 கி.மீ. மலைச்சாலையில் ஏறினால் பில்லிங் வரும். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் புல்வெளிச் சரிவிலிருந்து ஓடிக் காற்றில் ஏறுகிறார்கள். இந்தியாவின் முதல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி 2015இல் நடைபெற்றது இங்கேதான்.

2024 நவம்பர் தொடக்கத்தில் உலகக் கோப்பைப் போட்டி மீண்டும் பீர்-பில்லிங்குக்கு வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அதே வானில் இரண்டு பாராகிளைடர்கள் மோதிக்கொண்டதில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பைலட் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள், மணாலி அருகே செக் குடியரசைச் சேர்ந்த பெண் பைலட் ஒருவர் மலையில் மோதி இறந்தார். போட்டி திட்டமிட்டபடி தொடங்கியது. ஒரே வாரத்துக்குள் அடங்கிவிட்ட இந்த மரணங்களையும் கொண்டாட்டத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது? மலையில் ஒரு பைலட்டின் வாரம் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் ஓரளவு விளங்கும்.

ஏழு நாட்களின் கணக்கு

பாராகிளைடருக்கு இயந்திரம் கிடையாது. அசைவற்ற காற்றில் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் எட்டு முதல் பத்து மீட்டர் வரை முன்னே செல்லும். மேலே ஏற வேண்டுமானால் காற்று தூக்க வேண்டும். காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்கும்போது, அதை ஒட்டியுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. ‘தெர்மல்’ என்று பைலட்டுகள் அழைக்கும் இந்த வெப்பக் காற்றுத் தூணுக்குள் வட்டமிட்டபடியே பருந்து ஏறுவதைப் பார்த்திருப்போம். பைலட் செய்வதும் அதைத்தான்.

வெளியூரிலிருந்து வரும் பைலட்டுக்கு முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றமாகவே முடியும். வெயில் போதாமல், பத்து இருபது நிமிடங்களில் தரைக்கு வந்துவிடுவார். இரண்டாம், மூன்றாம் நாட்களில் காற்று கைகொடுக்கும். பில்லிங்கிலிருந்து தவுலாதார் மலைத்தொடரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தர்மசாலா வரை பறந்து திரும்புவார். பனி மூடிய சிகரங்கள் ஒருபக்கம், காங்கடாப் பள்ளத்தாக்கின் வயல்கள் மறுபக்கம். மாலையில் தேநீர்க் கடையில் அவர் முகத்தைப் பார்த்தாலே அன்றைய வானிலை தெரிந்துவிடும்.

நான்காம் நாள்தான் ஆபத்தானது. முந்தைய நாட்களின் வெற்றி கால்களில் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால், மலை மாறியிருக்கும். காலையிலேயே மேகம் திரளத் தொடங்கும். பள்ளத்தாக்குக் காற்று பிற்பகலில் எதிர்பார்த்ததைவிட வேகமெடுக்கும். மேகத்துக்கு அடியில் மேலேற்றம் மிக எளிதாகக் கிடைக்கும். அந்த எளிமையே பொறியாகிவிடுவதும் உண்டு. 2007இல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், ஜெர்மனி அணியின் ஈவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் ஒன்று 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. எவரெஸ்ட் சிகரத்தைவிட உயரமான அந்த இடத்தில் நினைவிழந்து, உறைபனி படிந்த உடலுடன் அவர் உயிரோடு தரையிறங்கியது வியப்புக்குரியது. அதே நாளில், அதே மேகத்தில் சிக்கிய சீன பைலட் பிழைக்கவில்லை. இருவருமே தேர்ந்த வீரர்கள்.

எனவே, அந்த நான்காம் நாளில் அனுபவசாலி எடுக்கும் முடிவு எளிமையானது: இன்று பறப்பதில்லை. ஏறிய மலைச்சாலையில் பையோடு இறங்கிவிடுவார். வாரத்தின் எஞ்சிய நாட்களைக் காப்பாற்றித் தருவது அந்த முடிவுதான். ஆனால், புறப்பாட்டுத் தளத்தில் இருபது பேர் விரித்த இறக்கைகளோடு காத்திருக்கையில், அதில் ஐந்து பேர் பறந்தும்விட்ட நிலையில், அந்த முடிவை எடுப்பது கடினம். விடுமுறையில் இரண்டு நாட்களே மிச்சமிருந்தால் இன்னும் கடினம்.

வானில் கூட்டம்

பீரின் புகழ் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. நல்ல தெர்மல் ஒன்று கிடைத்தால், அதற்குள் ஒரே நேரத்தில் பலர் சுழல்வார்கள். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் வட்டமிடுகிறாரோ, அதே பக்கமே பின்னால் வருபவர்களும் வட்டமிட வேண்டும். மலையோரத்தில் எதிரெதிரே வரும்போது, மலையை வலப்பக்கம் கொண்டவருக்கு முன்னுரிமை. மற்றவர் விலக வேண்டும். உலகம் முழுவதும் பைலட்டுகள் பின்பற்றும் நெறிகள் இவை. பல நாட்டினர், பல தரத்தினர், பணம் கட்டிப் பறக்கும் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தவர்கள் என எல்லோரும் ஒரே வானத்தைப் பகிரும்போது, இவற்றில் ஒன்றை ஒருவர் மறந்தாலும் போதும்.

மீட்பும் எளிதல்ல. 2023 அக்டோபரில் பீரிலிருந்து பறந்த போலந்து பைலட் ஒருவர் காணாமல்போனார். தவுலாதாரின் செங்குத்துச் சரிவில் விழுந்துகிடந்த அவரது உடலை மீட்கப் பல நாட்கள் ஆயின.

அபாயம் யாருடையது?

தனியே பறப்பவர் தன் அபாயத்தைத் தானே எடைபோட்டு ஏற்கிறார். வயதுவந்த ஒருவரின் அந்த உரிமையில் அரசு அதிகம் தலையிட வேண்டியதில்லை. ஆனால், ‘டேண்டம்’ எனப்படும் இருவர் பறப்பில் நிலைமை வேறு. பயணிக்குக் காற்றைப் பற்றி எதுவும் தெரியாது. பாதுகாப்புப் பட்டை சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாது. 2024 பிப்ரவரியில் தெலங்கானாவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் குல்லுவில் விழுந்து இறந்தபோது, பாதுகாப்புப் பட்டையைச் சரிபார்க்காததே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் கூறப்பட்டது, பைலட் கைதுசெய்யப்பட்டார். 2025 ஜனவரியில் தர்மசாலா அருகே குஜராத்தைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணும், குல்லுவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இளைஞரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். விடுமுறைக்குச் சென்ற பிள்ளைகள் இவர்கள். சாகச வீரர்கள் அல்ல.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் பீர்-பில்லிங்கில் இறந்த பிறகு, இமாசல உயர் நீதிமன்றம் 2022 தொடக்கத்தில் தாமாக முன்வந்து இப்பிரச்சினையைக் கையிலெடுத்தது. அதே ஆண்டில் மாநில அரசு வான் விளையாட்டுகளுக்குப் புதிய விதிகளை வகுத்தது. பைலட்டுகளின் உரிமம், கருவிகளின் தரம், நிறுவனங்களின் பதிவு ஆகியவற்றை விதிகள் பேசுகின்றன. ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் வழக்குப் பதிவு, சில நாட்கள் தடை, பிறகு வழக்கம்போலப் பறப்பு என்பதே நடைமுறையாகிவிட்டது.

காரணம், உரிமம் உள்ள பைலட்டும் தவறான நாளில் பறக்கக்கூடும் என்பதே. டேண்டம் பைலட்டுகளில் பலர் பறப்புக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் பெறும் உள்ளூர் இளைஞர்கள். ஓய்வுக்கு வந்த வெளிநாட்டு பைலட்டுக்குப் பறக்காத நாள் ஓர் ஏமாற்றம். இவர்களுக்கோ அது வருமானமே இல்லாத நாள். ஆண்டின் சில மாதங்களில்தான் பிழைப்பு. காத்திருக்கும் பயணியோ மறுநாள் ஊர் திரும்ப வேண்டியவர், முன்பணமும் கட்டியிருப்பார். காற்று சற்றே சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பும் பைலட், அடுத்த பைலட் அவரை அழைத்துச் செல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டில் எச்சரிக்கையாக இருப்பவருக்கு நட்டம், துணிந்தவருக்கு லாபம். இதை எந்த உரிமமும் மாற்றிவிடாது.

கடல் சொல்லும் பாடம்

இதற்கான தீர்வின் சாயலை மலையிலிருந்து வெகுதொலைவில், நம் கடற்கரையில் காணலாம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று ஒவ்வொரு படகும் தனித்தனியே பந்தயம் கட்டுவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் வழங்குகிறது. தடையின் நோக்கம் மீன்வளம் காப்பது. என்றாலும், தொழிலுக்குப் போகாத நாளின் சுமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது. நிவாரணத் தொகை போதுமா என்பது வேறு விவாதம்.

இமாசல அரசும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் பாராகிளைடிங்கைத் தடைசெய்கிறது. அதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. பருவத்துக்குப் பொருந்தும் அதே நியாயம், பருவத்துக்குள் வரும் மோசமான பிற்பகலுக்கும் பொருந்த வேண்டும்.

முதலாவதாக, புறப்பாட்டுத் தளங்களில் காற்றின் வேகத்தையும் திசையையும் தொடர்ந்து அளந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி காட்ட வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் டேண்டம் பறப்புகளை நிறுத்தும் அதிகாரம், வணிக லாபத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் இருக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பயணக் கட்டணத்திலிருந்தும் ஒரு சிறு பங்கை நிதியமாகத் திரட்டி, தளம் மூடப்படும் நாட்களில் பைலட்டுகளுக்குப் படி வழங்க வேண்டும். வானிலையால் ரத்தாகும் பறப்புக்குப் பயணியின் பணம் கேள்வியின்றித் திரும்ப வேண்டும். மூன்றாவதாக, விபத்துகள் காவல் நிலைய வழக்கோடு முடிந்துவிடக் கூடாது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பாராகிளைடிங் சங்கங்கள் விபத்துகளை ஆராய்ந்து, என்ன நடந்தது என்பதை மற்ற பைலட்டுகள் அறியும்படி வெளியிடுகின்றன. யாரைக் கைதுசெய்வது என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடும் இடத்தில், உண்மையைச் சொல்ல எந்த பைலட்டும் முன்வரமாட்டார். அடுத்தவர் பாடம் கற்கவும் முடியாது.

இத்தகைய கட்டுப்பாடுகள் உள்ளூர்ப் பொருளாதாரத்தைக் குலைத்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். பீரில் விடுதிகள், உணவகங்கள், வாடகை ஜீப்புகள் என எத்தனையோ குடும்பங்கள் அந்த வானத்தை நம்பி வாழ்கின்றன என்பது உண்மை. ஆனால், ஒரு விபத்துக்குப் பிறகு ஒட்டுமொத்தமாகத் தடை விதிக்கப்படும்போது முதலில் அடிபடுவதும் அதே குடும்பங்கள்தான். பருவத்தில் சில பிற்பகல்களை விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறிய இழப்பு.

பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. பைலட்டின் உரிமத்தைக் கேளுங்கள். பட்டைகளை உங்கள் கண்முன்னே இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். “இன்று காற்று சரியில்லை” என்று ஒரு பைலட் சொன்னால், அவரிடம் பேரம் பேசாதீர்கள். வேறொருவரைத் தேடியும் போகாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அன்றைய கூலியை இழந்திருக்கக்கூடும்.