மலைக்காரர் கையிலிருந்த நெருப்பு

மாசி பிறந்துவிட்டால் திருச்சி மாவட்டத்துப் பச்சைமலையின் தரை முழுக்கச் சருகு. காடு பற்றிக்கொள்ள ஒரு பீடித்துண்டு போதும். கோடை மழை இறங்கும்வரை வனத்துறையின் தீத்தடுப்புக் காவலர்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஸ்ரீரங்கம் மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நடத்துவதும் இதே துறைதான். திருச்சிக்காரர்கள் பிள்ளைகளோடு அங்கே போய் வருகிறார்கள். அதே துறைக்காக மலைமேல் தீயை எதிர்த்து நிற்பவர்களை நகரம் பார்த்ததே இல்லை.

அந்தச் சரிவுகளில் தண்ணீர் வண்டி ஏறாது. பச்சை இலைக்கொத்தை ஒடித்து, தரையோடு ஓடிவரும் தீயின் விளிம்பை அடித்து அணைக்கிறார்கள். அடங்கவில்லையென்றால் சற்றுத் தள்ளிப் போய், சருகை அகலமாகக் கூட்டித் தரையை வெறுமையாக்குவார்கள். அங்கிருந்து எதிர்த்தீ வைப்பதும் உண்டு. காற்று தணிந்த இரவில்தான் தீ கொஞ்சம் வசப்படும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால், அதற்கு மேலே நிற்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் புல் மண்டிய சரிவில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன வனக்காவலர்கள் மூவர் உயிரிழந்தனர். இன்று வெப்பப் புள்ளியைச் செயற்கைக்கோள் கண்டால் கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. ஆனாலும் அந்த இடத்துக்கு ஆள் நடந்துதான் போக வேண்டும்.

நடப்பவர்களில் பலர் மலைவாசிகள். அவர்களுடைய முன்னோர் புதரை வெட்டிக் காயவைத்து எரித்து, கொத்துக்காட்டில் சாமையும் தினையும் விதைத்தவர்கள். 1882 சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதைக் குற்றமாக்கியது. வனச் சட்டங்களோ, காட்டில் உரிமை உள்ளவர்கள் தீயணைக்க உதவியே ஆக வேண்டும் என்றும் எழுதிவைத்தன. நெருப்பைக் கையாளத் தெரிந்தவர்களிடமிருந்து அதைப் பறித்துவிட்டு, அணைக்கும் பாரத்தை மட்டும் அவர்கள் தோளில் ஏற்றியதைப் பெரிய அநீதியாகவே நான் பார்க்கிறேன்.

அமெரிக்க வனத்துறையும் எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935இல் விதி வகுத்தது. எரியாத சருகும் சுள்ளியும் ஆண்டுக்கணக்கில் சேர, வந்த தீ பெருந்தீயானது. 1970களில் அந்த விதியைக் கைவிட்டார்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களைக் கேட்டால், சருகை இளந்தீயில் எரிக்கும் வழக்கம் நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பார்கள்.

எல்லாத் தீயும் நல்லதல்ல. பங்குனி வெயிலில் பற்றும் தீ கன்றுகளைக் கொல்லும். மூடாக்கு இழந்த சரிவில் அடுத்த மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும். பனி ஈரம் காயுமுன் வைக்கும் சிறுதீ வேறு. எங்கே, எந்த வாரம் வைக்கலாம் என்பது மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களையோ பருவத்துக்கு எடுத்து, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம்.

தீ தாண்டாதபடி சருகை நீக்கி வெறுமையாக்கும் தீத்தடுப்புக் கோடுகளைத் தை மாதத்துக்குள் சீர்செய்தாக வேண்டும். எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களுக்கு இடம் வேண்டும். காவலர்களுக்கு ஆண்டு முழுதும் வேலையும், உயிருக்குக் காப்பீடும், தணலில் உருகாத காலணியும் இந்தக் கோடைக்கு முன்பே கிடைக்க வேண்டும்.