பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும்



நம் மஹல்லாக்களில் ‘பள்ளி’ என்னும் சொல் இரண்டு இடங்களைக் குறிக்கும். ஒன்று தொழுமிடம், மற்றொன்று பிள்ளைகள் படிக்குமிடம். முதலாவதன் கூரை ஒழுகினால் அடுத்த ஜும்ஆவுக்குள் வசூல் முடிந்துவிடுகிறது. இரண்டாவதன் கழிப்பறைக்குக் கதவில்லை என்றாலோ, “அது சர்க்கார் சொத்து” என்று கூறிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அங்கே அமர்ந்திருப்போர் காலையில் மக்தபில் ஓதிவிட்டுச் செல்லும் அதே பிள்ளைகள்தாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை ஊரின் பொறுப்பாகவும் ஆக்கியிருக்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் நிதி முறையாகச் செலவாகிறதா எனக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பொறுப்பும் பெற்றோருக்கே உரியது.

“வரி கட்டுகிறோம்; அரசே செய்யட்டுமே” எனச் சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. ஆயினும் அரசிடம் கேட்பதற்கான இடம்தான் இக்குழு. கூட்டத்திற்குச் செல்லாதவர் தம் தெருப் பிள்ளையின் தேவையை அந்தத் திட்டத்தில் எழுத வைக்க இயலாது. காமராசர் ஆட்சிக்காலத்தில் மதிய உணவும், 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊர்மக்களின் கொடையோடு வளர்ந்ததைத் தமிழகம் நன்கறியும். அரசின் கடமையும் ஊரின் அக்கறையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

உலகக் கல்வி வேறு, மார்க்கக் கல்வி வேறு என்று ஒதுங்குவோர் பத்ருப் போருக்குப் பின் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். ஈட்டுத்தொகை தர இயலாத, எழுத்தறிந்த கைதிகள் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் வழிசெய்தார்கள். அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை எதிரிகளாக நின்றவர்கள். நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் ஆசிரியர்களோ நம் அண்டை வீட்டார். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சந்திப்பது நமக்குப் பாரமா?

செய்ய வேண்டியவை எளியவை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நாளை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கலாம். உறுப்பினரான தாய்மார்கள் தயங்காமல் சென்று பேச வீட்டு ஆண்கள் துணைநிற்க வேண்டும். பொதுத்தேர்வுக் காலத்தில் மாலைச் சிறப்பு வகுப்பும் மதரஸா நேரமும் மோதும்போது, இரண்டுக்கும் நடுவே தவிப்பது பிள்ளையே. உஸ்தாதும் தலைமையாசிரியரும் முன்னதாகவே அமர்ந்து பேசினால் அத்தவிப்பு நீங்கும். குறை சொல்ல மட்டுமே பள்ளி வாயிலை மிதிக்கும் வழக்கமும் மாற வேண்டும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பள்ளிக்கூடத்தின் வாசலோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவர்களின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!