காது கேளாத நாய்க்குக் கஷாயம்

வளர்ப்பு விலங்கின் அச்சம், சினம், பிடிவாதம், ஓயாத குரைப்பு ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒரு பச்சிலையாலோ வேராலோ தைலத்தாலோ தணிந்துவிடும், தணியாவிட்டாலும் இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் ஒன்றும் நேராது என்னும் நம்பிக்கை, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் வழியிலுள்ள வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களிலும் இன்று கேட்பாரின்றி உலவுகிறது. தீபாவளி நெருங்கும்போதெல்லாம், வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்க்கு அமுக்கராக்கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து கொடுக்கச் சொல்லும் குரல் பதிவுகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. நாயின் எடை என்ன, வயது என்ன, அது வேறு மருந்து உண்கிறதா என்று ஒரு சொல்லும் கேளாமல் அவை ‘ஒரு சிட்டிகை’ என்று முடிந்துவிடுகின்றன. அந்தச் சிட்டிகை யாருடைய விரலுக்கு உரியது என்பதை மட்டும் எந்தப் பதிவும் சொல்வதில்லை.

இந்நம்பிக்கையை உரசிப் பார்க்க ராஜபாளையம் நாய் ஒன்றே போதும். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட அஞ்சல் தலைகளில் இடம்பெற்ற இவ்வினத்தின் பெருமை அதன் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும். அதன் சாபமும் அந்த வெண்மையிலேயே உள்ளது. உட்செவியில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்மயிர் அணுக்கள் உயிரோடிருக்க அவ்விடத்தில் நிறமி அணுக்களும் இருந்தாக வேண்டும். நிறமி குன்றிய குட்டிகள் சிலவற்றில் பிறந்த சில வாரங்களுக்குள் அந்நுண்மயிர் அணுக்கள் அழிந்துபோக, குட்டி நிலையாகச் செவிடாகிறது. வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒரு காதிலோ இரு காதிலோ கேளாதவை என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டுள்ளன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, உறங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வருகின்ற அத்தகைய குட்டிக்கு வீட்டார் சூட்டும் பெயர் ‘சொல் பேச்சுக் கேட்காத முரடு’ என்பதாகும். கேட்காது என்பது உண்மைதான். அச்சொல்லின் நேர்ப்பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணுவதற்கு முன்பே வல்லாரைச் சாறு பிழியப்பட்டுவிடுகிறது. உறங்கும் குட்டியின் பின்புறம், அதன் கண்ணில் படாமலும் தரை அதிராமலும் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி, அதன் காது மடல் துடிக்கிறதா என்று பார்ப்பதற்குக் காலணாச் செலவில்லை. ஆனால் அதில் மூலிகை இல்லாததால் அதற்கு மதிப்பும் இல்லை.

இயற்கை வைத்தியம் என்ற பெயரில் விற்கப்படுவதன் பூர்விகத்தையும் சற்று நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் பரவலாகிவிட்ட மலர் மருந்து, 1936இல் மறைந்த எட்வர்ட் பாச் என்ற ஆங்கில மருத்துவர் வகுத்தது. மலர்களுள் சிலவற்றை வெயிலில் நீர்மேல் மிதக்கவிட்டு, சிலவற்றைக் கொதிக்க வைத்து, அந்நீரைப் பிராந்தியோடு கலந்து, மேலும் மேலும் நீர்க்கச் செய்து பெறப்படுவது. 38 வகைகளுள் ஒன்று செடிகூட அன்று, பாறை ஊற்றின் வெறும் நீர். இங்கிலாந்து நாட்டு வேலியோரப் பூவின் நினைவு மட்டும் எஞ்சியுள்ள அந்தத் துளிகள், பூவே காணாத செம்மண் வெட்டையில் வளரும் நாயின் மனத்துயரைத் தீர்க்கும் என்பவர்களிடம், காது கேளாத ராஜபாளையத்துக்கு 38இல் எது பொருந்தும் என்று கேட்டால், பிடிவாதத்துக்கு உரிய மலரைத் தயங்காமல் எடுத்து நீட்டுவார்கள்.

இயற்கைப் பொருளுக்கு ஆற்றலே இல்லை என்பதன்று இங்குள்ள வாதம். ஆற்றல் உண்டு என்பதே அச்சத்துக்குக் காரணம். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதைப் பிடுங்கி வேரைத் தரையில் போட்டால் பூனை முகர்ந்து, நக்கி, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும். மேலை நாட்டார் கேட்னிப் என்னும் செடியைக் கொண்டு காட்டும் அதே வேடிக்கைதான் இது. ஆனால் புரளும் பூனை மனஅமைதி பெற்றுவிட்டது என்பது, கள்ளுக் குடித்து ஆடுபவன் கவலை தீர்ந்தவன் என்பதற்கு நிகரானது. அதே குப்பைமேனியைக் கஞ்சியிலிட்டு உண்டவர்களுள், இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் செய்வதும் ஏறத்தாழ அதுவே. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம், பூனைக்கு வெறும் 5 கிராம் வெங்காயமே இரத்தத்தைக் கெடுக்கப் போதும். பூண்டு அதனினும் கடுமையானது. ‘வெறி அடங்க’ என்று பூண்டு நசுக்கிச் சோற்றில் பிசைவோர் இதை அறியமாட்டார்கள். அறிந்தாலும், பூண்டு இயற்கையாயிற்றே.

தைலம் பற்றியும் ஒரு சொல். பூனையின் கல்லீரலுக்கு, நறுமண எண்ணெய்களிலுள்ள சேர்மங்களைக் கழிவாக்கி வெளியேற்றும் திறன் குறைவு. யூக்கலிப்டஸ் தைலம் தடவிய உடலைப் பூனை நக்கியே தீரும், நக்கியது உள்ளே தங்கும். அந்த யூக்கலிப்டஸ்தான் தைலமரம் என்ற பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்துக் காட்டு நிலங்களில் அரசால் அணிவகுக்கப்பட்டு, நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று விவசாயிகள் ஆண்டாண்டாக முறையிடும் ஆஸ்திரேலிய மரம். கிணற்றை வற்றச் செய்தால் பகை, புட்டியில் அடைத்தால் இயற்கை.

கால்நடை மூலிகை மருத்துவம் முறையாகச் செய்யப்படும் இடத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. மாட்டு மடிநோய்க்குத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பும் முறையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று நிறை உண்டு, நோய்க்குப் பெயர் உண்டு, பூசும் நாள் கணக்கும் உண்டு. நாயின் ‘டென்ஷனுக்கு’ இவற்றில் எது உண்டு? விலங்கின் குணம் எதனால் அமைகிறது என்பது நம்மவர் அறியாததும் அன்று. 2019 ஜனவரியில் விராலிமலை ஜல்லிக்கட்டு வாடிவாசலில் 1,353 காளைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டுச் சாதனை படைத்த மாவட்டம் புதுக்கோட்டை. காளையின் குணம் நீச்சலாலும் நடைப்பயிற்சியாலும் மண் குத்தவிடுவதாலும் வளர்ப்பவன் கையாலும் அமைவது என்பதை இம்மாவட்டத்துச் சிறுவனும் அறிவான். அதே வீட்டின் பின்புறத்தில் மூன்று முழச் சங்கிலியில் இரவும் பகலும் கட்டப்பட்டிருக்கும் நாய் குரைத்தால் மட்டும் வேர் தேடுகிறார்கள். சித்திரை வெயிலில் சைபீரிய ஹஸ்கியை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு, அது சோர்ந்திருப்பதற்கு மூலிகை கேட்கும் நகரவாசிகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

இவை அனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. சாதுவான நாய் திடீரெனக் குணம் மாறுவது வெறிநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அந்நோயின் கிருமி உமிழ்நீரில் உள்ளது. அந்த வாயைப் பிளந்து பச்சிலைச் சாறு ஊற்றுவோர் தம் கையை எங்கே நுழைக்கிறோம் என்பதை உணர்வதில்லை.

இத்தனைக்கும் பின்னும் ‘எங்கள் நாய்க்குக் கேட்டதே’ என்பார்கள். மருந்து உண்ணும் விலங்கு எதுவும் சொல்லாதபோது கொடுத்தவரின் கண்ணே குணத்தைக் கண்டுவிடும் மயக்கத்தை வளர்ப்பவரின் நம்பிக்கை விளைவு எனலாம். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று வரையறை இருக்கிறது. அதை எவரும் மதிப்பதில்லை என்றாலும் நள்ளிரவுக்கு மேல் சத்தம் தானே ஓய்கிறது, நாயும் கட்டிலுக்கடியிலிருந்து தானே வெளியே வருகிறது, பெயர் அமுக்கராவுக்குப் போகிறது. ஆயிரம் வாலா சரம் வாசலில் வெடிக்கும்போது பொடி கலந்த பாலைக் குடித்துவிட்டுத் திண்ணையில் கால் நீட்டி அயர்ந்து உறங்கும் ராஜபாளையத்தைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு அமைதி என்று வீட்டார் வியப்பார்கள். மறுநாள் அதைப் படமெடுத்து அடுத்த குரல் பதிவோடு சேர்த்து அனுப்புவார்கள்.